வினவலில் எழுதும் தசம எண்ணை எஸ்கியூஎல் இன்ஜின் மாற்றக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளிவரும் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் பயிற்சித் தொடரை விடாமல் படித்து வருகிறேன். தரவுத்தளத்தைத் தமிழிலேயே கற்க விரும்பும் மாணவர்களுக்கு அது நல்ல துணை. அண்மையில் வந்த பகுதியில், பெயர், ஊர் போன்றவற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும் என்றும், எண்களுக்கு அந்தக் குறிகள் தேவையில்லை என்றும் சொல்லப்பட்டிருந்தது. தொடக்க வகுப்புக்கு இந்த விதி போதும். ஆனால் இதே மாணவர்கள் நாளை வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ பணக் கணக்கைக் கையாளும் வேலைக்குப் போகும்போது, புள்ளி வைத்து எழுதிய எண்ணை இன்ஜின் என்னும் தரவுத்தள மென்பொருள் எப்படி வாசிக்கிறது என்பது தெரியாமல் போனால், தவறான விடையைச் சரியான விடை என்று நம்பி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பல ஆண்டுகளாகத் தரவுத்தளத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியான வினவலில் ஒருவர் 0.07 என்று தட்டச்சு செய்யும்போது இன்ஜினுக்குப் போய்ச் சேர்வது நான்கு குறிகள் மட்டுமே. அவற்றை எந்த வகை எண்ணாகக் கொள்வது என்பதை எழுதியதைப் படித்துப் பிரிக்கும் அதன் பார்சரும், அதையடுத்து வேலை செய்யும் திட்டமிடும் பகுதியும் முடிவு செய்கின்றன. 1992-ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அடுக்கைக் காட்டும் ‘ஈ’ என்ற எழுத்து இல்லாமல் எழுதப்பட்ட எண் துல்லிய எண். அந்த எழுத்தைச் சேர்த்து எழுதப்பட்டதே தோராய எண். அதன்படி 0.07 என்றால் நூற்றில் ஏழு பங்கு, அதற்கு ஓர் இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் புள்ளியைக் கண்ட உடனேயே எண்ணை 64 பிட்டில் அடங்கும் தோராய வகையான டபுளாக மாற்றிவிடும் இன்ஜின்கள் இன்றும் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 தரநிலையின் வழிவந்த இந்த வடிவம் எண்களை இரண்டின் அடுக்குகளைக் கொண்டே சேமிப்பதால், பத்தில் ஒன்று என்ற எளிய பின்னத்தைக்கூட அதனால் முழுமையாகப் பிடித்து வைக்க முடியாது. 0.1 என்று எழுதினால் உள்ளே நிற்பது 0.1000000000000000055511 என்று தொடங்கும் வேறோர் எண்.

பதினேழாவது இலக்கத்தில் வரும் வேறுபாட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் டிபிசி-எச் என்னும் தரச்சோதனையின் ஆறாவது வினவலை ஒருமுறை பார்க்க வேண்டும். தரவுத்தளங்களின் வேகத்தை ஒப்பிட உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் சோதனை அது. குறிப்பிட்ட ஓராண்டில் அனுப்பப்பட்ட சரக்குகளில், 24-க்குக் குறைவான எண்ணிக்கையும், 0.06-லிருந்து 0.01 கழித்தது முதல் 0.06-உடன் 0.01 கூட்டியது வரையிலான தள்ளுபடியும் கொண்டவற்றை எடுத்து, விலையைத் தள்ளுபடியால் பெருக்கிக் கூட்டச் சொல்கிறது அந்த வினவல். பள்ளிக் கணக்கின்படி 0.05, 0.06, 0.07 ஆகிய மூன்று தள்ளுபடிகளும் அதற்குள் வர வேண்டும். ஆனால் எண்களை டபுளாக வாசிக்கும் இன்ஜினில் 0.06-உடன் 0.01-ஐக் கூட்டினால் கிடைப்பது 0.06999999999999999. அட்டவணையில் உள்ள 0.07 அதைவிடப் பெரியது என்பதால், அந்தத் தள்ளுபடி கொண்ட வரிசைகள் ஒன்று விடாமல் விடையிலிருந்து விழுந்துவிடுகின்றன. இச்சோதனைத் தரவில் தள்ளுபடிகள் 0.00 முதல் 0.10 வரை சீராகப் பரவியிருப்பதால், விழுந்து போகும் தொகை ஏறத்தாழ 18-இல் 7 பங்கு, அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பதினேழாவது இலக்கத்தில் தொடங்கிய பிசகு விடையின் முதல் இலக்கத்தையே மாற்றிவிடுகிறது. இத்தனைக்கும் பிழைச் செய்தி எதுவும் வராது. வினவல் வேகமாக ஓடி முடிந்து, பார்ப்பதற்கு ஒழுங்கான ஒரு தொகையைத் தந்துவிடும்.

பெரிய எண்களில் நிலைமை வேறு விதமாகக் கெடுகிறது. டபுளில் எண்ணின் உடலுக்கு 53 பிட்டுகளே உள்ளன என்பதால், ஏறத்தாழ 15 இலக்கங்கள் வரைதான் எந்தத் தசம எண்ணையும் நம்பி ஒப்படைக்க முடியும். ஒருவர் 12345678901234567890.12 என்று எழுதுகிறார் என்று கொள்வோம். டபுளாக மாறியதும் அது 12345678901234567168 ஆகிவிடுகிறது. 722 ரூபாய் 12 பைசா சத்தமில்லாமல் காணாமல் போகிறது. அந்த எல்லையில் அடுத்தடுத்த இரண்டு டபுள்களுக்கு இடையே 2048 இடைவெளி இருப்பதே காரணம். இங்கே மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு கண்ணி இருக்கிறது. இந்த எண்ணை, துல்லிய வகையான டெசிமலில் 22 இலக்கமாக மாற்று என்று, வகை மாற்றும் காஸ்ட் கட்டளையை வெளிப்படையாக எழுதினாலும் பயன் இல்லை, ஏனெனில் காஸ்ட் வேலை செய்யத் தொடங்கும் முன்பே பார்சர் எண்ணை டபுளாக்கி முடித்திருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினில் எண்ணைக் காப்பாற்ற ஒரே வழி, அதை மேற்கோள் குறிகளுக்குள் சொல்லாக எழுதி, பிறகு டெசிமலாக மாற்றுவதுதான். தங்கள் தொடரில் சொன்ன விதிக்கு நேர் எதிரான இந்த வழக்கம், துல்லியம் தேவைப்படும் இடங்களில் அன்றாட நடைமுறையாக உள்ளது. கூகுளின் தரவுத்தளச் சேவையான பிக்குவெரியில் எண்ணுக்கு முன்னால் வகையின் பெயரையும் எழுதி, எண்ணை மேற்கோளுக்குள் தர வேண்டும் என்பது ஆவணப்படுத்தப்பட்ட முறையே.

எல்லா இன்ஜின்களையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல், புள்ளி உள்ள எண்ணைத் துல்லிய வகையாகவே எடுத்துக்கொள்கிறது. மைஎஸ்கியூஎல்லும் அப்படியே, அதில் 65 இலக்கங்கள் வரை இடம் உண்டு. எஸ்கியூலைட்டில் டெசிமல் என்ற சேமிப்பு வகையே இல்லை என்பதால் எல்லாம் டபுள்தான். பெருந்தரவுக்கான அப்பாச்சி ஸ்பார்க், 2016-இல் வந்த 2.0 பதிப்பில் டபுளைக் கைவிட்டு டெசிமலுக்கு மாறியது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட அப்பாச்சி டேட்டாஃபியூஷனில் இயல்பான நிலை டபுளே. டெசிமலாக வாசிக்க வேண்டுமானால் அதற்கென உள்ள ஓர் அமைப்பை நாமே இயக்க வேண்டும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. துல்லியம் வேண்டும் என்பவர் தேடிப் போய் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும் என்று வைத்தால், அது தேவை என்று தெரியாதவரே அதிகம் பாதிக்கப்படுவார். தோராயம் போதும் என்பவரிடம்தான் அந்தச் சுமையைத் தர வேண்டும். தரநிலையில் அதற்கு ‘ஈ’ என்ற எழுத்து ஏற்கெனவே இருக்கிறது.

டபுளுக்குச் சார்பாகச் சொல்லப்படும் முதல் காரணம் வேகம். டபுள் 64 பிட்டில் அடங்கும். செயலி ஒரே கட்டளையில் நான்கு அல்லது எட்டு டபுள்களைச் சேர்த்துக் கணக்கிடும். 128 பிட் டெசிமலுக்கு அந்த வசதி இல்லை, பெருக்கலும் வகுத்தலும் மெதுவாகவே நடக்கும். இது உண்மைதான். ஆனால் வினவலில் எழுதிய எண் ஒரே ஒரு முறை வாசிக்கப்படுகிறது. கோடிக்கணக்கில் வாசிக்கப்படுவது நெடுவரிசையில் உள்ள தரவு. நெடுவரிசை டபுளாக இருந்தால், எழுதிய எண்ணைத் திட்டமிடும் நேரத்தில் ஒருமுறை டபுளாக மாற்றிக்கொண்டால் போயிற்று. நெடுவரிசை டெசிமலாக இருந்தால், எழுதிய எண்ணை டபுளாக்கியதன் விளைவாக நெடுவரிசையின் ஒவ்வொரு மதிப்பையும் டபுளுக்கு மாற்றியே ஒப்பிட வேண்டியிருக்கும். அங்கே துல்லியத்தோடு நேரமும் வீணாகிறது. ஆகவே எதிர்ப்பக்கத்தின் வகை தெரியும் வரை எண்ணின் எழுத்து வடிவத்தை அப்படியே வைத்திருப்பதே முறை. பார்சர் அவசரப்பட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். டெசிமலுக்கு மொத்த இலக்கங்கள் எத்தனை, புள்ளிக்குப் பின் எத்தனை என்று இரண்டு அளவுகள் உண்டு. 1.10 என்று எழுதினால் மொத்தம் மூன்று, புள்ளிக்குப் பின் இரண்டு. முன்னால் வரும் வெற்றுச் சுழிகளை எண்ணக் கூடாது, பின்னால் வருவதை விட்டுவிடக் கூடாது. இதை 38 இலக்க நெடுவரிசையோடு பெருக்கினால் விடைக்கு 41 இலக்கங்கள் தேவைப்படும். 128 பிட்டில் அடங்குவது 38 மட்டுமே. அப்போது புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைக் குறைப்பதா, வேலையை நிறுத்திப் பிழை சொல்வதா, 256 பிட்டுக்கு நகர்வதா என்று இன்ஜினை எழுதுபவர் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். கழித்தல் குறியைத் தனிச் செயலாகக் கருதும் பார்சரில் இன்னொரு சிக்கலும் உண்டு: 64 பிட் முழு எண்ணின் மிகச் சிறிய மதிப்பான -9223372036854775808-ஐ எழுதினால், குறியை நீக்கிய எண் அந்த வகைக்குள் அடங்காமல் வேறு வகைக்குத் தாவிவிடும். இவை உழைப்பைக் கேட்கும் வேலைகள். உழைப்பு வேண்டும் என்பதற்காகத் தவறான எண்ணை ஏற்றுக்கொள்ள முடியாது.

எல்லையைத் தாண்டும் எண்ணை என்ன செய்வது என்பதிலும் இன்ஜின்கள் வேறுபடுகின்றன. 38 இலக்கங்களுக்கு மேல் எழுதினால் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் வரம்பைச் சுட்டிக்காட்டிப் பிழை சொல்லி நின்றுவிடுகிறது; டக்டிபி அதே எண்ணைச் சொல்லாமல் டபுளாக்கிவிடுகிறது. என் பார்வையில் முதலாவதே நேர்மையான நடத்தை. 38 இலக்கங்கள் யாருக்குத் தேவை என்று இனியும் கேட்க முடியாது. எதீரியம் என்னும் மின்னணு நாணய அமைப்பில் ஓர் ஈதர் என்பது, வெய் என்னும் மிகச் சிறிய அலகில் 10-இன் 18-ஆம் அடுக்கு; அதில் இயங்கும் நிரல்களான ஒப்பந்தங்கள் தொகைகளை 256 பிட் முழு எண்ணாக எழுதி வைக்கின்றன, அந்த வகையின் உச்ச மதிப்புக்கு 78 இலக்கங்கள். பகுப்பாய்வு இன்ஜின்கள் பலவற்றின் அடித்தளமான அப்பாச்சி ஆரோவின் 256 பிட் டெசிமலோ 76 இலக்கங்களுக்கே உறுதி தருகிறது. அந்த இரண்டு இலக்க இடைவெளியில் விழும் எண்ணை வட்டமாக்கித் தருவதைவிட, இதை என்னால் பிடிக்க முடியாது என்று சொல்லும் இன்ஜினையே நான் என் அலுவலகத்தில் பரிந்துரைப்பேன்.

தங்கள் தொடரின் ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதியில் மாணவர்களுக்கு இரண்டு சிறிய பயிற்சிகளைத் தரலாம். முதலில், 0.06-உடன் 0.01-ஐக் கூட்டியது 0.07-க்குச் சமமா என்று தம்மிடம் உள்ள தரவுத்தளத்தைக் கேட்கச் சொல்லலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் உண்மை என்று வரும், எஸ்கியூலைட்டில் பொய் என்பதைக் குறிக்கும் 0 வரும். அடுத்து, மேலே சொன்ன 22 இலக்க எண்ணைத் தேர்ந்தெடுத்து அச்சிடச் சொல்லி, திரும்பி வருவதை எழுதியதோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடச் சொல்லலாம். இரண்டுக்கும் எந்த அட்டவணையும் தேவையில்லை, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். எண்களுக்கு மேற்கோள் குறி தேவையில்லை என்ற விதியை அதன் பிறகு, எந்த இன்ஜினில், எந்த அளவு வரை என்பதோடு சேர்த்துத் திருத்தி வெளியிட்டால் வாசகர்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பொறியாளரான ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்