பாடத்தைக் குறைக்காமல் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள டீச்சருக்கு, மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்க வந்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், நூலக மேடத்துக்கு, சேர்க்கை ஆலோசகர் சாருக்கு,

கல்லூரியில் முதல் ஆண்டு முடிந்துவிட்டது. எல்லாத் தாளிலும் தேறிவிட்டேன். முடிவு வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்ததில் இந்த மடல் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் என் மதிப்பெண் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே, இல்லையென்றால் கொஞ்சம் கீழே. அப்படிப்பட்ட பிள்ளைகளை யாரும் திட்டுவதில்லை, கவனிப்பதும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு ஆசிரியர், "கணக்கெல்லாம் உனக்கு வராதும்மா, சுலபமான பிரிவுக்குப் போயிடு" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அதனாலேயே நம்பிவிட்டேன்.

டீச்சர், நீங்கள் நேர்மாறாகச் செய்தீர்கள். கற்றல் உதவித் திட்டத்தில் சேர்த்த வாரமே என்னைக் கடினமான கணக்கு வகுப்புக்கு மாற்றினீர்கள். அழுதுகொண்டே வந்து நின்றேன். "பாடத்தைக் குறைக்க மாட்டேன். துணை எவ்வளவு வேணுமோ கேள்" என்றீர்கள். அந்த யோசனை எங்கே தொடங்கியது என்று பின்னால் தேடிப் படித்தேன். 1980-இல் அமெரிக்காவில், சான் டியாகோவின் கிளேர்மான்ட் உயர்நிலைப் பள்ளியில், மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற ஆங்கில ஆசிரியை 32 மாணவர்களோடு ஆரம்பித்திருக்கிறார். நடுத்தர மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளை எளிய பாடத்தில் உட்காரவைக்காமல், கல்லூரிக்குத் தயார்செய்யும் வகுப்புகளில் சேர்த்தார். கூடவே, எப்படிப் படிப்பது என்று கற்றுத்தரத் தனியாக ஒரு பீரியட். 'அவிட்' என்ற பெயரில் அது பிறகு பல பள்ளிகளுக்குப் பரவியது. அதைப் படித்தபோது, அன்று நீங்கள் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்டது.

மாலை வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். உள்ளே வரும்போதே கையில் ஒரு கேள்வி எழுதியிருக்க வேண்டும். "ஒண்ணுமே புரியல" என்றால் ஏற்க மாட்டீர்கள். எதுவரை புரிந்தது, எந்த வரியில் நின்றுவிட்டது என்று எழுதச் சொல்வீர்கள். அதை எழுத முயன்றபோதே பாதிச் சிக்கல் அவிழ்ந்த நாட்கள் உண்டு.

நான் கொண்டுவந்த முதல் கேள்வி வர்க்கப் பூர்த்தி முறையில். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஆறு எக்ஸ். அதோடு 9-ஐக் கூட்டு என்கிறது புத்தகம். அந்த 9 எங்கிருந்து வந்தது? அண்ணா, நீங்கள் பதில் சொல்லவில்லை. சாக்பீஸைக் கையில் கொடுத்து, பக்கம் எக்ஸ் உள்ள ஒரு சதுரம் வரையச் சொன்னீர்கள். ஆறு எக்ஸை இரண்டாகப் பிரித்து, மூன்று அகலத்தில் இரண்டு பட்டைகளாக வலப்பக்கமும் கீழேயும் ஒட்டச் சொன்னீர்கள். "இப்ப இது முழுச் சதுரமா?" என்று கேட்டீர்கள். இல்லை, மூலையில் ஒரு துண்டு குறைகிறது. மூன்றுக்கு மூன்று. ஒன்பது! வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். எனக்குக் கணக்கு வராது என்ற நினைப்பு அந்தக் கரும்பலகை முன்னால்தான் ஆட்டம் கண்டது. நான் தடுமாறிக்கொண்டிருந்த அத்தனை நேரமும், பதில் தெரிந்திருந்தும் சொல்லாமல் பொறுத்திருந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது?

நூலக மேடம், நோட்டுப் பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் குறிப்பு, அடியில் சுருக்கம் என்று எழுதவைத்தீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் உருவாக்கிய முறை அது. வலப்பக்கத்தை மூடிவைத்து, கேள்வியை மட்டும் பார்த்து ஒப்பிக்கச் சொல்வீர்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடிவைத்தால்தான் தெரியாதது தெரியும். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வைக் கல்லூரியில் படித்தேன். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். உங்களை நினைத்துக்கொண்டேன் மேடம்.

ஆலோசகர் சார், கல்லூரியில் இடம் கிடைத்தபின் வந்த விடுமுறையில்தான் நான் கிட்டத்தட்ட விலகிப்போனேன். பள்ளி முடிந்துவிட்டது, கல்லூரி தொடங்கவில்லை, கேட்க ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் படிவங்களை இதற்கு முன் பார்த்தவர் யாரும் கிடையாது. கட்டணத்துக்கான கடைசித் தேதியை வேறொன்றாக நினைத்திருந்தேன். உங்கள் வேலை முடிந்த பிறகும் போன் செய்து, "எந்தப் பக்கத்தில் நிக்கிறே, படி" என்று ஒவ்வொரு வரியாக நிரப்பவைத்தீர்கள். இடம் கிடைத்தும் இந்த இடைவெளியில் நழுவிப்போகிற பிள்ளைகள் நிறையப் பேர். நான் அவர்களில் ஒருத்தியாகாமல் போனது அந்த போனால்தான்.

அம்மா, மாலை வகுப்பு முடிந்து தாமதமாக வந்த எந்த நாளிலும் நீ என்னைக் கேள்வி கேட்கவில்லை. இதை உனக்கு வாசித்துக் காட்டுவேன்.

அப்புறம் டீச்சர், சொல்லிக்கொடுக்க வருவாயா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள் அல்லவா, சரி, அடுத்த மாதத்திலிருந்து மாலை வகுப்புக்கு நானும் வருகிறேன். சாக்பீஸை மட்டும் பிள்ளைகள் கையிலேயே விட்டுவிடுவேன்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி