பிராம்ப்டன் பட்டறையிலிருந்து அப்பாவுக்கு

பிராம்ப்டன், ஒன்டாரியோ
ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வண்டிகள் புதியவை, சாலைகளும் நல்லவை, அப்படியிருக்க மெக்கானிக்குக்கு அங்கே என்ன வேலை என்று போனில் கேட்டீர்கள். நாமக்கல்லில் வண்டியைக் கெடுப்பது ஓவர்லோடு என்றால், இங்கே கெடுப்பது உப்பு. பனி விழத் தொடங்கியதும், சாலை வழுக்காமலிருக்க 401ஆம் நெடுஞ்சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது பனிநீரில் கரைந்து, சக்கரங்கள் வாரியடிக்க, 53 அடி டிரைலரின் அடிப்பாகம் முழுவதும் ஏறிக்கொள்கிறது.

பிரேக் டிரம்மைக் கழற்றினால், உரசித் தேயும் லைனிங்கில் பாதிக்கு மேல் கனம் இருக்கும். நம் ஊரில் அதைத் தாராளமாக ஓட விடுவோம். ஆனால் லைனிங்கைத் தாங்கும் இரும்பு ஷூவுக்கும் லைனிங்குக்கும் இடையில் புகுந்த உப்புநீர் துருவாகப் பருத்து, ரிவெட்டுகளுக்கு நடுவே லைனிங்கைத் தூக்கி விரிசல் விடச் செய்திருக்கும். தேய்மானத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஓரத்தில் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். வயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். அந்தத் துளை வழியாக உப்புநீர் இறங்கினால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடிந்துவிடும் என்பதால், கனெக்டரைக் கழற்றி அங்கேதான் சோதிக்கிறோம்.

குளிர் இன்னொரு தொல்லை. கம்ப்ரசர் இழுக்கும் காற்றிலுள்ள ஈரம் ஏர் டேங்கில் நீராகத் தங்கி உறைந்தால், வால்வு அடைத்து பிரேக் வேலை செய்யாமல் போகலாம். அதற்காக, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜைக் குளிர்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுகிறோம்.

சக்கரம் மாட்டுவதில் இவர்கள் காட்டும் கண்டிப்பு உங்களுக்குப் பிடிக்கும். 1990களின் நடுவில் இந்த மாகாணத்தில் ஓடும் லாரிகளிலிருந்து சக்கரங்கள் கழன்று, மற்ற வண்டிகளில் போனவர்கள் இறந்திருக்கிறார்கள். அதன்பின் 1997இல் வந்த சட்டப்படி, சக்கரம் கழன்றால் எந்தச் சமாதானமும் செல்லாது. அபராதம் 50,000 டாலர் வரை போகும். ஆகவே நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கி, கடைசியில் முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் 450 முதல் 500 அடி-பவுண்டு வரை வைக்கிறோம். 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதியே டிரைவரிடம் கொடுக்கிறோம்.

அப்பா, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே வேறொன்றைச் சொல்லத்தான். பிரேக் சரியில்லை என்று நீங்கள் சொல்லியும், லோடு நிற்கிறது என்று உரிமையாளர் வண்டியை எடுத்துப்போன இரவுகளில், நீங்கள் திண்ணையில் தூங்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இங்கும் காலைக்குள் மான்ட்ரியல் சேர வேண்டிய லோடு உண்டு. அனுப்புகிறவர் வந்து பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவதும் உண்டு. ஆனால் ஆண்டுப் பரிசோதனையில் உரிமம் பெற்ற மெக்கானிக் தகுதியில்லை என்று எழுதிவிட்டால், குறையைச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. இவர்கள் நம்மவர்களைவிட நல்லவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சட்டம் மெக்கானிக்கின் சொல்லுக்குப் பலம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பலம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி இங்கு வர விரும்பினால் 310டி என்னும் லாரி மெக்கானிக் உரிமம் கட்டாயம் வேண்டும். முதலிலிருந்து பயில்வதானால் அதற்கு 6,720 மணி நேரம் ஆகும். ஊரில் செய்த வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் எழுத்தில் சான்று கேட்பார்கள். ஆகவே எந்த ஆண்டிலிருந்து வேலை செய்கிறான், பிரேக், கியர்பாக்ஸ், எஞ்சின் என எவற்றில் கை வைத்திருக்கிறான் என்று விவரமாக எழுதி, உங்கள் கையெழுத்தும் பட்டறை முத்திரையும் இட்டு அனுப்புங்கள். எனக்குத் தந்த கடிதத்தின் நகல் அம்மாவின் பீரோவில் இருக்கும். அதைப் பார்த்தே எழுதலாம்.

பணம் அனுப்பியிருக்கிறேன். கண் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்