62 என்று காட்டினால் காத்திருக்காதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சுகர் மீட்டரில் 62 வந்தது, எப்படியும் சாப்பிடத்தானே போகிறேன் என்று விட்டுவிட்டேன் என்றாய். அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 70-க்குக் கீழே இறங்கினாலே லோ சுகர்தான், உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி. 54-க்குக் கீழே போய்விட்டால் மூளைக்கே குளுக்கோஸ் பற்றாமல் யோசனை குழம்ப ஆரம்பிக்கும், அப்புறம் சர்க்கரையை எடுத்துச் சாப்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் போகலாம், அதனால்தான் தெளிவாக இருக்கும்போதே செய்யச் சொல்கிறேன்.

ஏன் இறங்கியது என்று பிறகு யோசி. முதலில் 15 கிராம் சர்க்கரை உள்ளே போகட்டும். மூன்று நான்கு குளுக்கோஸ் மாத்திரை, இல்லை அரை டம்ளர் பழச்சாறு, அதுவும் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி. சாக்லேட்டை நம்பாதே, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார், 70 தாண்டவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. அந்தப் படபடப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடத் தோன்றும், அடக்கிக்கொள், இல்லாவிட்டால் அப்புறம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். சரியானதும், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தால் கொஞ்சம் ஏதாவது சாப்பிட்டுக்கொள்.

சர்க்கரை அளவைக் காட்ட உன் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும், அந்தக் கை மேல் படுத்துத் தூங்கினால் பொய்யாகக் குறைத்தும் காட்டும். சந்தேகமாக இருந்தால் கையைக் கழுவி விரலில் குத்திப் பார். ஆனால் வியர்வையும் நடுக்கமும் வந்துவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்காதே, முதலில் குளுக்கோஸ் மாத்திரையைப் போடு.

நீ மாலையில் ஓடப் போகிற நாட்களில் எனக்குக் கூடுதல் கவலை. ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில்கூட இறங்கலாம். படுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடு. இது அடிக்கடி நடந்தால் நடுக்கம், வியர்வை போன்ற அறிகுறிகளே மங்கிப்போகும், ஆகவே அடுத்த முறை வரை தள்ளிப் போடாமல் டாக்டரிடம் இப்போதே சொல், இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இன்னொன்று. உன்னோடு தங்கியிருக்கும் தோழியிடம் சொல்லி வை: நீ நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் கொடுத்து, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அந்த மருந்து இருக்கும் இடத்தையும் காட்டிவிடு.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன், அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா