பழைய கார் வாங்குவோர் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு, மூன்று லட்சம் சேர்த்து வைத்து முதல் கார் வாங்கும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். அவர்கள் தேடுவது பெரும்பாலும் பழைய சின்ன பெட்ரோல் வண்டிதான். எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். வண்டி தண்ணீரில் நின்றதா என்று கேட்பவர்தான் குறைவு. நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் மூழ்கிய கார்கள் எல்லாமே உடைப்புக்குப் போய்விடவில்லை. கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி விற்பனைக்கு வந்தவையும் உண்டு.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. அங்கே குறுக்கே பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. அடுத்து முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அதன் கீழே இருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியில் வண்டல் தெரியும். கால் மிதிக்குக் கீழே கார்ப்பெட்டை விலக்கி முகர்ந்து பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருப்பதும் கண்ணில் படும்.

மூழ்கிய வண்டி அப்போதைக்கு நன்றாகவே ஓடும். ஈரம் ஏறிய கனெக்டர்கள் மாதக்கணக்கில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பவர் ஸ்டியரிங் விளக்கு எரியும், இன்னொரு நாள் ஸ்டார்ட்டே ஆகாது. எந்த வயர் என்று தேடுவதற்கே கூலி போய்விடும். தண்ணீரில் நிற்கும்போதே யாராவது சாவியைத் திருப்பியிருந்தால், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கவும் கூடும்.

இன்சூரன்ஸ் காகிதமும் காட்டிக்கொடுக்கும். பழைய பாலிசி நகல்களை வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். கிளெய்ம் வாங்காதவருக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்காண்டு ஏறும். 2023 வரை ஏறிக்கொண்டே வந்தது, அந்த மழைக்குப் பிந்தைய பாலிசியில் பூஜ்யமாகியிருந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும். வண்டி கைமாறினாலும், பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாளுக்கு மேல் விட்டாலும் இது பூஜ்யமாகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினைக் காலையில், சூடேறாத நிலையில்தான் பார்க்க வேண்டும். போனதும் பானட்டில் கை வையுங்கள். சுட்டால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஏசியை முழு வேகத்தில் வைத்து, நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓட விடுங்கள். கத்திப்பாரா நெரிசலில் கொதிக்கப்போகும் வண்டி அங்கேயே தெரிந்துவிடும். கிளட்சுக்கு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் பிளேட் தேய்ந்துவிட்டது.

எந்த மாடல் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. ஆல்டோ, வேகன் ஆர், ஐ10, சான்ட்ரோ எதுவானாலும் புதுப்பேட்டையில் பாகம் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆல்டோ 800க்கும் 1.1 லிட்டர் ஐ10க்கும் இன்ஜின் வால்வுகளை ஓட்டுவது ரப்பர் டைமிங் பெல்ட். ஆல்டோ கே10க்கும் ஐ10இன் 1.2 லிட்டர் கப்பா இன்ஜினுக்கும் செயின். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வயதான டயரை நம்பக் கூடாது. கையில் மூன்று லட்சம் இருந்தால் இரண்டரைக்குள் வண்டி பாருங்கள். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று மிச்சம் தானாகவே கரையும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யில் கடன் இருந்தால் கடன் பதிவை நீக்கும் படிவம் 35உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். விலை குறைவு என்று புதுச்சேரிப் பதிவு வண்டியை எடுப்பவர்கள், இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும். விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டாம்.

இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை என்பதை மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெள்ளத்துக்கு இழப்பீடு வாங்கிய வண்டியா என்பதையும் அதே பக்கத்தில் ஒரு வரியாகக் காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கையில் அந்த விவரம் இருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக இதைச் செய்து முடிக்க, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் தமிழக அரசு வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
அம்பத்தூர், சென்னை-53