சுலோச்சன முதலியார் பாலத்தைக் கவனிக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: பாலத்தில் முளைத்த அரசங்கன்றுகளை அகற்றுவது, வரலாற்றுப் பலகை வைப்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பாலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். தினமும் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போன வாரம் தாமிரபரணியில் தண்ணீர் குறைந்திருந்ததால் கீழே இறங்கிப் பார்த்தேன். ஒரு வளைவின் இடுக்கில் என் இடுப்புயரத்துக்கு அரசங்கன்று நிற்கிறது, வேர் விரல் தடிமனுக்கு உள்ளே போயிருக்கிறது, அதைச் சுற்றிக் காரை விட்டு, தொட்டாலே மாவாக உதிர்கிறது. மனசு கேட்கவில்லை.

இது சாதாரணப் பாலமா ஐயா? அந்தக் காலத்தில் நெல்லையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட நினைத்தபோது பணம் பெரிய தடையாக இருந்தது. அப்போது அவரிடம் சிரஸ்தாராக (கலெக்டர் அலுவலகத் தலைமை அலுவலராக) இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணம் சுமார் 50,000 ரூபாயைக் கொடுத்தார். மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்தன என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். ஹார்ஸ்லி என்ற பொறியாளர் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் 11 வளைவுகளோடு கட்ட, 1843-இல் திறந்தார்கள். 1869 வெள்ளத்தில் சேதமாகி, பழுது பார்த்து, அப்புறம் அகலப்படுத்தி, இப்போது பக்கத்தில் புதுப் பாலமும் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்த வெள்ளத்துக்கும் இந்தப் பாலம் தாக்குப்பிடித்தது. அதைப் போய் ஒரு செடி பிளக்க விடலாமா?

நான் கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த மழைக்கு முன் கன்றுகளை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். மேலே வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்கும், போன தடவை அப்படித்தான் ஆனது. இடுக்குகளைச் சிமெண்ட் பூசி மூடாமல், பழையபடி சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும், சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துவிடும். அதோடு, பஸ்ஸில் போகிற பிள்ளைகள் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பலகை, முதலியார் பெயரோடும் 1843 என்ற ஆண்டோடும் வேண்டும்.

படங்களை இணைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரிலும் வருகிறேன். பொறியாளர் யாரையாவது அனுப்பினால் அந்த வளைவை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வண்ணார்பேட்டை வாசி