பழைய மின்கிட்டார்களைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இன்னும் வாசிக்கப்பட்டுவரும் பழைய இசைக்கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், ஆண்டுதோறும் வள்ளத்தைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் அடிப்பதுபோல, பூச்சு தேய்ந்த மின்கிட்டாரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, புதிதாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று அதில் தரப்பட்டிருந்த அறிவுரை திருத்தப்படாமல் நின்றுவிடக் கூடாது. தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் மெல்லிசைக் குழுக்களுக்கும் கிட்டார் பழுதுபார்த்துத் தருபவன் என்ற முறையில், அந்த அறிவுரையால் இக்கரையில் அழியப்போகும் கருவிகளை எண்ணியே இதை எழுதுகிறேன். வள்ளம் கடலிலேயே கிடப்பதால் அதன் பூச்சைப் புதுப்பிக்காவிட்டால் பலகை போய்விடும் என்பதை வள்ளம் கட்டும் நம் ஓடாவிகள் அறிவார்கள். உறைக்குள்ளும் தோளிலும் இருக்கும் கிட்டாருக்கு அந்தத் தேவை எப்போதும் இல்லை.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் தன் கிட்டார்களின் உடற்பகுதியைத் தொடக்கத்தில் ஆஷ் மரத்தில் செய்தது. 1954-இல் வந்த அதன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரும் அப்படியே தொடங்கி, 1956-இன் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் ஆல்டர் மரத்துக்கு மாறியது. ஆஷ் மரத்தின் துளைகள் பெரியவை. அவற்றை நிரப்பியை இட்டு அடைத்த பிறகே பூச்சு சமமாக உட்காரும். ஆல்டரின் துளைகள் நெருக்கமானவை என்பதால் வேலை விரைவாக முடியும். எனினும், ரேகைகள் வெளியே தெரிய வேண்டிய வெளிர்மஞ்சள் கிட்டார்களுக்கு ஆஷ் மரமே தொடர்ந்தது. கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் கிட்டாரோ மஹோகனி உடலின் மேல் மேப்பிள் பலகை ஒட்டியது. கனமான மரமே நல்ல ஒலி தரும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. மின்கிட்டாரில் ஒலி பிறப்பது, காந்தப்புலத்துக்குள் எஃகுக் கம்பி அதிரும்போது, கம்பிகளுக்கு அடியில் பொருத்தப்பட்ட பிக்கப் என்ற உணர்கருவியின் செப்புச் சுருளில் உண்டாகும் மின்னோட்டத்தால்தான். மரத்தின் பங்கு அதற்கு மிகவும் பின்னால் வருகிறது என்பதே என் கருத்து. மூன்று மணி நேரம் நின்று வாசிக்கும் கலைஞரின் தோளுக்கு மரத்தின் எடை முக்கியம். திருகாணியைப் பிடித்து வைத்திருக்கும் வலிமையும் முக்கியம்.

அக்காலப் பூச்சு பெரும்பாலும் நைட்ரோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு (லேக்கர்). கரைப்பான் ஆவியாகி உலரும் இப்பூச்சு மெல்லியது. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. மரமும் பூச்சும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. எனவே வெப்பநிலை சட்டென்று மாறும்போது பூச்சில் மட்டும் மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன. இவற்றைக் கண்டு மரமே பிளந்துவிட்டதாக அஞ்சிக் கருவியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. மரத்துக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. ஒளி பட்டு இந்த அரக்கு மஞ்சளாவதால் வெள்ளைக் கிட்டார் பாலேட்டு நிறத்துக்கும் இளநீலக் கிட்டார் பச்சை சாயலுக்கும் மாறுகின்றன. உடலின் முகப்பில் பூட்டியிருக்கும் பிக்கார்டு என்ற காப்புத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அதனடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால்களில் பலவற்றின் சிவப்புச் சாயம் வெளிறித் தேன்நிறமானதும், 1950-களின் பொன்னிற லெஸ் பால்களில் முன்கை தேய்ந்த இடத்தில் வெண்கலப் பொடி பச்சை பூத்ததும் காலம் தந்த மாற்றங்களே.

உண்மையான தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முன்கை படியும் மேல் விளிம்பு, பெல்ட்டின் கொக்கி உராயும் பின்புறம், கம்பிகளுக்கு மேலே, மீட்டும் சில்லான பிக் படும் பகுதி, விரல்கள் ஓடும் மேப்பிள் பலகை ஆகிய இடங்களில்தான் அது விழும். அதைப் பார்த்தே ஒரு கருவி எப்படி வாசிக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடலாம். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கல்லகரின் 1961-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வண்ணத்தின் பெரும்பகுதி போய் வெறும் மரம்தான் தெரிகிறது. 2024-இல் இலண்டனில் ஏலம் போன அந்தக் கருவி அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. யாரும் அதற்கு வண்ணம் அடிக்க நினைக்கவில்லை. மூல வண்ணம் சுரண்டப்பட்ட பழைய கிட்டாருக்குச் சந்தையில் ஏறத்தாழ பாதி விலையே கிடைக்கும் என்பது பழங்கருவி வணிகத்தில் எல்லோரும் அறிந்த கணக்கு. சுரண்டப்பட்டதைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

இங்கே ஃபெண்டரும் கிப்சனும் எங்கே இருக்கின்றன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவை அரிதுதான். கீழக்கரை, பாம்பன், தொண்டி போன்ற ஊர்களில் நான் கண்ட பழைய மின்கிட்டார்களில் பல, சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போய்வந்தவர்கள் கொண்டுவந்த ஜப்பான் கருவிகள். 1960, 70-களில் அங்கே செய்யப்பட்டவற்றில் லவான் மரமும் ஒட்டுப்பலகையும் மிகுதி. பிக்கார்டுக்கு அடியிலுள்ள குழியின் ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. அவற்றின் பூச்சு பெரும்பாலும் தடித்த பாலியுரித்தேன் அல்லது பாலியெஸ்டர் ஆகும். அது மெல்லத் தேயாது, அடிபட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும். மலிவான கருவிகள்தாமே என்று இவற்றையும் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒட்டுப்பலகையின் மேலடுக்கு மிக மெல்லியது என்பதால், தடித்த பூச்சை எடுக்க இயந்திரத்தால் தேய்ப்பவர் நொடியில் அந்த அடுக்கையும் தாண்டிவிடுவார். பெயர்ந்துபோன சில்லின் ஓரத்தில் மெல்லிய பசையை விட்டு மேலும் உரியாமல் நிறுத்துவதே போதுமானது.

நம் கரையில் காக்க வேண்டியது உலோகத்தை. பாம்பனில் இரும்பை உப்புக்காற்று எவ்வளவு விரைவாக அரிக்கும் என்பதை அறிந்தே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்தார்கள். கிட்டாரிலும் முதலில் பழுதாவது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகள், சுருள்வில்கள், பிக்கப்பின் காந்தமுனைகள், கம்பிகளை முறுக்கும் டியூனிங் கீகளின் பற்கள் ஆகியவைதாம். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் உலர்ந்த துணியால் துடைப்பது மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் உலோகப் பகுதிகளைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். பூச்சு போய் மரம் வெளியே தெரியும் இடத்தில் ஈரத்துணி படக் கூடாது. உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருப்பது நல்லது. நைட்ரோ பூச்சுள்ள கிட்டாரை ரப்பர் தாங்கியில் சாய்த்து வைத்தால் ரப்பர் பட்ட இடம் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், இடையில் பருத்தித் துணி சுற்றியிருக்க வேண்டும். நண்பகலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு நேராகக் குளிரூட்டப்பட்ட அரங்குக்குக் கொண்டுபோவதும் விரிசலைத்தான் கொண்டுவரும்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பாடகர் குழுக்கள் கருவிகளைப் புதிதாகக் காட்ட விரும்புவது இயல்பு. அதற்கு முன்பாக இக்கடிதத்தை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். துருப்பிடித்த திருகுகளை மாற்ற வேண்டியிருந்தால் தாராளமாக மாற்றட்டும். கழற்றிய பழைய திருகுகளையும் பிற பாகங்களையும் குப்பையில் போடாமல், ஒரு சிறு பையிலிட்டுக் கிட்டார் பெட்டியிலேயே வைத்திருக்குமாறு பழுதுபார்ப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.