மூன்று ரிங்கிட் மல்லிகை

போதகர் ஐயாவுக்கும் சபைக் கமிட்டி மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

கமிட்டியில் பேச வேண்டியதை ஊரறிய எழுதுகிறானே என்று கோபப்படுவீர்கள். தலையில் பூ வைத்துச் சபைக்கு வருவதைப் பற்றிப் பேசக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன், ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்றீர்கள். அந்த மாசமும் போய்விட்டது.

சிலாங்கூரில் இருக்கும் நம் ஊரின் பெயர் பலகையில் 2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டாலும் நமக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பெயரை மாற்றினால் பழக்கம் மாறாது என்பது நமக்குத் தெரிந்த விஷயம். ஆனால் ஞானஸ்நானம்கூட எடுக்காத ஒரு அக்கா மட்டும் முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

அவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். சபைக்குப் போகிறோமே என்று நல்ல சேலை கட்டி, கடைத்தெருவில் மூன்று ரிங்கிட்டுக்கு மல்லிகை வாங்கி வைத்து வந்தார். வாசலில் நம் ஆள் ஒருவர், ‘சிஸ்டர், பூவை எடுத்துட்டு உள்ள வாங்க, சபைக்கு இடறலா இருக்கும்’ என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. பூவை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஹேர்பின் மட்டும் தலையிலேயே நின்றது. கடைசி பெஞ்சில், பைமேல் கையை வைத்தபடி ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை. நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காத குற்றம் எனக்கும் உண்டு.

‘இடறல்’, அதாவது இன்னொருவர் விசுவாசத்தில் தடுக்கி விழக் காரணமாவது, யாருடைய வார்த்தை? 1 கொரிந்தியர் 8-ல் பவுல் கவலைப்படுவது பலவீனமானவனுக்காக, நேற்று விக்கிரகத்தை விட்டு வந்தவனுக்காக. நாற்பது வருடம் முன்வரிசையில் உட்கார்ந்தவரின் முகச்சுளிப்புக்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை. மத்தேயு 18-ல் கழுத்தில் கட்டிக் கடலில் அமிழ்த்தும் ஏந்திரக்கல் காத்திருப்பதும் சிறியவரை இடறப் பண்ணுகிறவனுக்குத்தான்.

1 தீமோத்தேயு 2:9-ஐ எடுத்து நீட்டுவீர்கள். முழுசாகப் படியுங்கள். மயிரைப் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம். பூ அந்தப் பட்டியலில் இல்லை, பொன் இருக்கிறது. அன்றைக்கு வாசலில் எத்தனை பவுன் சங்கிலி உள்ளே போயிற்று என்று நான் எண்ணவில்லை. நீங்களும் எண்ணியிருக்க மாட்டீர்கள், அது கண்ணுக்குப் பழகிப்போயிற்று.

பூ வைக்காத இந்தப் பழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. என் பாட்டி ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து சாகும்வரை பூவைத் தொடவில்லை. தோட்டத்து லயத்தில் எல்லாரும் கோவில் திருவிழாவுக்குப் பூக்கட்டும்போது, தலையில் பூவில்லாமல் தண்ணிக் குழாயடிக்குப் போவதே அவருக்குச் சாட்சி. அதற்காக ஏச்சும் வாங்கினார். ஆனால் அது அவர் கர்த்தருக்குச் செய்துகொண்ட பொருத்தனை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் போட்ட சட்டமில்லை.

இந்தச் சண்டை புதிதுமில்லை. இன்றும் நாம் பாடும் கீர்த்தனைகள் பலவற்றை எழுதிய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தம் காலத்துப் புது மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், திருவிருந்தில் சாதி பார்க்காமல் கலந்து உட்காரச் சொல்கிறார்கள், பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை ஒதுக்குகிறார்கள் என்று நான்கையும் கொடுமையாக எழுதி வைத்தார். சாதி விஷயத்தில் மிஷனரிகள் சொன்னதே சரி, கலாத்தியர் 3:28 போதும். பூ விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம்தான் நியாயம்.

நாம் என்ன செய்தோம்? மிஷனரியிடமிருந்து பூத்தடையையும் சாஸ்திரியாரிடமிருந்து சாதியையும் எடுத்துக்கொண்டோம். இரண்டு பக்கத்திலும் சொத்தையை மட்டும் பார்த்துப் பொறுக்கிய கெட்டிக்காரர்கள் நாம். வரன் பார்க்கும்போது ‘இரட்சிக்கப்பட்ட பிள்ளையா?’ என்பது சத்தமாக வரும். அடுத்தது குரலைத் தாழ்த்தி, ‘ஊர்ல என்ன ஆளுங்க?’ இதே கமிட்டியில் இருப்பவர்கள் கேட்டு என் காதால் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் இடறலாக இருந்ததில்லை. வட்டிக்கு விட்டுச் சபையாரையே கசக்கியவர் காணிக்கைத் தட்டு ஏந்தி வந்தபோதும் வாசலில் யாரும் நிறுத்தவில்லை.

போன வாரம் நானும் என் மனைவியும் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். ‘சாமி கோவிச்சுக்கும்னு சொன்னாங்க, அதான்’ என்றார். யார் சொன்னது என்று கேட்கவில்லை, தெரிந்ததுதானே. பசியாறாமல் விடமாட்டேன் என்று தோசை சுட்டுப் போட்டார்.

வருகிற ஞாயிறு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். பூ வைத்தாலும் வைப்பார். எங்கள் வரிசையில்தான், முன்னால் இரண்டாவது பெஞ்சில், உட்காருவார். அன்றைக்கு வாசலில் யாரை நிறுத்துவது என்று நீங்கள் முடிவு பண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபை உறுப்பினன்